மனநோய்: தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து பக்கத்துக் கிளினிக் வரை

பினாங்கில் வளர்ந்த தமிழர் யாரிடமாவது தஞ்சோங் ரம்புத்தான் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில் என்று பதில் வருமுன் ஒரு சிரிப்பு வந்துவிடும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, மலேசியத் தமிழர்களுக்கு இந்த ஊர் அப்படி. பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுக்கொள்ளும் பையன்கள்கூட ஒருவரையொருவர் அங்கேதான் அனுப்பிவைப்பார்கள். பாவம், அந்த ஊர்க்காரர்கள். 1911இல் ஆங்கிலேய அரசு மனநோயாளிகளுக்கான பெரிய காப்பகத்தை அங்கே திறந்தது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர் இன்றுவரை போகவில்லை.

அதே பினாங்கில் இன்று மனச்சோர்வினால் அவதிப்படும் ஒருவர், பசாருக்குப் போகும் வழியில் உள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி நம்பர் எடுத்து, இருமலுக்கு வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, மருத்துவரைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இந்த மாற்றம் எப்படி வந்தது, எதுவரை வந்திருக்கிறது என்பதை மனநோய் பற்றி ஒன்றும் அறியாதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

பழைய விளக்கம் தவறென்று தெரிந்ததும் மறைந்தது, புதியது அந்த இடத்தைப் பிடித்தது என்றுதான் மருத்துவ வரலாற்றைப் பொதுவாகச் சொல்வார்கள். மனநோய் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. காத்து கருப்பு, பித்தம், கர்மவினை, மூளை, வளர்ப்பு, வேலைச்சுமை என்று காலந்தோறும் வந்த விளக்கங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒரே குடும்பம் செவ்வாய்க்கிழமை முனீஸ்வரர் கோயிலில் எலுமிச்சம்பழம் வெட்டும், வியாழக்கிழமை மருத்துவமனையில் மாத்திரை வாங்கும், இடையில் யாரோ சொன்னார்கள் என்று போமோ எனப்படும் மலாய் மந்திரவாதி ஒருவரையும் பார்த்துவிட்டு வரும். இதைப் புரிந்துகொள்ளாமல் நம் சமூகத்தில் மனநோய் பற்றிப் பேசிப் பயனில்லை.

எது நோய், எது நோயில்லை

கவலைப்படுவது நோயல்ல. கணவரைப் பறிகொடுத்தவர் மாதக்கணக்கில் அழுவதும், தேர்வுக்கு முதல் நாள் வயிறு கலங்குவதும் நோயல்ல. மருத்துவர்கள் பார்ப்பது மூன்று: எவ்வளவு காலம் நீடிக்கிறது, அன்றாட வேலையை எவ்வளவு முடக்குகிறது, ஆளை எவ்வளவு வதைக்கிறது. மனச்சோர்வு நோய் என்று சொல்ல, குறைந்தது இரண்டு வாரம் ஏறக்குறைய எல்லா நாளும் மனம் கனத்துக் கிடக்க வேண்டும் அல்லது எதிலும் பிடிப்பே இல்லாமல் போயிருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, கவனம் போன்றவற்றில் சிலவும் கெட்டிருக்க வேண்டும்.

மனநோய்களைத் தோராயமாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். மனச்சோர்வும் பதற்ற நோய்களும் பலருக்கு வருபவை. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவை சிலருக்கே வந்தாலும் கடுமையானவை. மனச்சிதைவில் இல்லாத குரல் காதில் கேட்கும், நடக்காத சதி நடப்பதாக உறுதியாகத் தோன்றும். இருமுனைக் கோளாற்றில் சில வாரம் தூக்கமே தேவைப்படாத உற்சாகம், பிறகு எழுந்திருக்கவே முடியாத சோர்வு என்று மாறி மாறி வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதோ ஒரு மனநோயுடன் வாழ்ந்தார். மனச்சிதைவு உள்ளவர் சுமார் 300 பேரில் ஒருவர். ‘பைத்தியம்’ என்று நம் ஊரில் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையை மட்டுமே. முதல் வகையை நாம் நோயாகவே எண்ணுவதில்லை. சோம்பேறித்தனம், திமிர், ‘சும்மா உட்கார்ந்தால் அப்படித்தான்’ என்று அதற்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம்.

பேயும் பித்தமும்

மிகப் பழைய விளக்கம் பேய். வெளியிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே புகுந்துவிட்டது. அதை ஓட்ட வேண்டும். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் இதில் நோயாளிக்கு ஒரு சலுகை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்: தப்பு அவர் மேல் இல்லை. ‘அவள் நல்ல பிள்ளை, அவளைப் பிடித்ததுதான் கெட்டது’ என்று ஊர் சொல்லும். மருத்துவம் அந்தச் சலுகையைத் திருப்பித் தரப் பல நூற்றாண்டுகள் ஆயின. பேயோட்டுகிறேன் என்று அடிப்பதும் பட்டினி போடுவதும் இதன் மறுபக்கம்.

அடுத்தது உடம்பு. வாதம், பித்தம், கபம் மூன்றும் நிலைகுலைந்தால் புத்தியும் குலையும் என்றது நம் சித்த மரபு. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் வழிவந்தவர்கள் நான்கு திரவங்களைச் சொன்னார்கள். அவற்றில் கரும்பித்தம் மிகுந்தால் தீராத சோகம் வரும் என்றார்கள். பித்தம் தலைக்கேறியவனுக்கு எலுமிச்சை தேய்த்துத் தலைமுழுக்காட்டுவது இந்த விளக்கத்தின் வழிவந்ததுதான். பலன் இல்லாவிட்டாலும், பேயைத் தேடாமல் உடம்பைத் தேடியதே ஒரு பெரிய நகர்வு.

நாட்டு மருந்தில் உண்மையிலேயே வேலை செய்த ஒன்று உண்டு. சர்ப்பகந்தா வேரைச் சித்தப்பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் இந்திய வைத்தியர்கள் நெடுங்காலம் கொடுத்துவந்தார்கள். 1931இல் சென், போஸ் என்ற இரண்டு இந்திய மருத்துவர்கள் அதை ஆராய்ந்து எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சில ஆண்டுகள் அது மனச்சிதைவுக்கு மருந்தாகவும் இருந்தது. பக்க விளைவுகள் அதிகம் என்பதால் பிறகு கைவிடப்பட்டது.

அடைத்துவைத்த காலம்

ஐரோப்பாவில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நகரங்கள் பெருத்தபோது, ஊரோடு ஒட்டாதவர்களை ஓரிடத்தில் அடைக்கும் வழக்கமும் பெருத்தது. ஏழை, பிச்சைக்காரர், குற்றவாளி, மனநோயாளி எல்லோருக்கும் ஒரே சுவர். சங்கிலியும் உண்டு. 1790களில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் அந்தச் சங்கிலி அவிழ்க்கப்பட்டது. புத்தகங்கள் இதற்கான புகழை மருத்துவர் பினெலுக்குத் தருகின்றன. உண்மையில் 1797இல் அவிழ்த்தவர் அங்கே மேற்பார்வையாளராக இருந்த புஸ்ஸேன். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்து, கழலை நோய்க்குச் சிகிச்சை பெற வந்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். நோயாளியாகப் படுத்திருந்தவனுக்குத்தான் அது தோன்றியது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில், 1796இல், இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்ற தேயிலை வியாபாரி, தோட்டமும் கைத்தொழிலும் கனிவான பேச்சுமாக ஒரு இல்லம் திறந்தார்.

இந்த நல்ல எண்ணம் கடல் கடந்து காலனிகளுக்கு வந்தபோது கட்டடம் மட்டும் வந்தது, கனிவு கப்பலேறவில்லை. சென்னையில் 1794இலேயே காப்பகம் உண்டு. பினாங்கிலும் 19ஆம் நூற்றாண்டில் மனநோயாளிகளை அடைத்துவைத்த இடம் இருந்தது. தஞ்சோங் ரம்புத்தான் 1911இல் வந்தது, ஜோகூர் தம்போய் 1937இல். துறைமுகமும் ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் ஆட்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து குவித்த காலம் அது. உறவென்று யாருமே இல்லாத ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் வைத்துப் பார்க்க வீடு ஏது? லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் ஒருவர் இரவெல்லாம் கத்தினால் தோட்டத்து எழுத்தரான கிராணி தகவல் சொல்வார், வண்டி வரும், ஆள் போவார். திரும்பி வந்தவர்களைப் பற்றிய கதைகளைவிடப் போனவர்களைப் பற்றிய கதைகளே தோட்டங்களில் அதிகம்.

அங்கே ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். மருத்துவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. கையில் மருந்தே இல்லை. மருந்தில்லாத மருத்துவமனை காலப்போக்கில் காவல் வீடாகத்தான் ஆகும். பின்னாளில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவர், மலேசியாவின் முன்னோடி மனநல மருத்துவரான டான்ஸ்ரீ டாக்டர் எம். மகாதேவன். 1970களில் அதன் பெயரும் ஹோஸ்பிட்டல் பஹாகியா, அதாவது ‘மகிழ்ச்சி மருத்துவமனை’ என்று மாறியது. ஊர்ப்பெயரின் மேல் ஏறிய ஏளனம் மட்டும் ஆணைக்குக் கட்டுப்படவில்லை.

ஒரு கிருமி, ஒரு காய்ச்சல், ஒரு மாத்திரை

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதி மனநோய் மருத்துவத்தில் துணிச்சலும் கொடூரமும் கலந்த காலம். அன்றைய காப்பகங்களில் பெருந்தொகையாக இருந்த ஒரு பிரிவினருக்கு முதலில் தற்பெருமைப் பிதற்றல், பிறகு கைகால் தளர்ச்சி, சில ஆண்டுகளில் மரணம். காரணம் தெரியாது. 1913இல் நொகுச்சி, மூர் என்ற ஆய்வாளர்கள் அவர்களின் மூளையில் மேகநோய் (சிபிலிஸ்) கிருமியைக் கண்டார்கள். பைத்தியம் என்று சொல்லப்பட்டவற்றுள் ஒன்று, பேயுமல்ல பாவமுமல்ல, கிருமி என்று கண்ணுக்கு முன் நிறுவப்பட்டது அப்போதுதான். ‘மனநோய் மூளையின் நோய்’ என்ற இன்றைய பேச்சுக்கு இதைவிட வலுவான அடித்தளம் வேறில்லை.

அதற்குக் கண்ட வைத்தியம்தான் விசித்திரம். 1917இல் வியன்னாவில் வாக்னர்-யவ்ரெக் அந்த நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றினார். கடும் காய்ச்சல் அந்தக் கிருமியைக் கொல்லும், பிறகு கொய்னா மருந்து கொடுத்து மலேரியாவை நிறுத்தலாம் என்பது கணக்கு. சிலர் பிழைத்தார்கள், சிலர் மலேரியாவாலேயே இறந்தார்கள். 1927இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மலாயாவில் காடழித்த நம் முன்னோர் மலேரியாவுக்குக் கொத்துக் கொத்தாக மடிந்த காலத்தில், உலகின் இன்னொரு மூலையில் அதை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 1940களில் பெனிசிலின் வந்ததும் அந்த நோயும் அந்த வைத்தியமும் சேர்ந்தே மறைந்தன.

1935இல் போர்த்துகல் மருத்துவர் மோனிஸ், மூளையின் முன்பகுதி இணைப்புகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கினார். கத்தியவர்கள் அமைதியானார்கள். பலர் அமைதியோடு தங்கள் குணத்தையும் இழந்தார்கள். இதற்கும் 1949இல் நோபெல் பரிசு தந்தார்கள். நோயாளிக்கு நல்லதா, வார்டுக்கு நல்லதா என்ற கேள்வியை அன்று யாரும் அழுத்திக் கேட்கவில்லை. மின்னதிர்வுச் சிகிச்சை 1938இல் ரோமில் தொடங்கியது. பழைய சினிமாவில் காட்டுவதுபோல ஆளைக் கட்டிப்போட்டுக் கொடுப்பதெல்லாம் இப்போது இல்லை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்தே செய்கிறார்கள். வேறெதற்கும் மசியாத கடும் மனச்சோர்வில் இன்றும் அது உயிர் காக்கும் சிகிச்சை. நினைவில் சில இடைவெளிகள் விழலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

காப்பகக் கதவைத் திறந்தது மாத்திரை. அறுவைக்கு முன் நோயாளிகளைச் சாந்தப்படுத்த ஒரு பிரெஞ்சு அறுவை மருத்துவர் பயன்படுத்திய குளோர்புரோமசின் என்ற மருந்தை, 1952இல் பாரிஸில் டெலே, டெனிக்கர் இருவரும் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வருடக்கணக்கில் குரல்களோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் பக்கத்துப் படுக்கைக்காரரோடு பேசத் தொடங்கினார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பே ஆஸ்திரேலியாவில் ஜான் கேட், லித்தியம் என்ற எளிய உப்பு, கட்டுக்கடங்காத உற்சாகத்தைத் தணிக்கிறது என்று கண்டிருந்தார். 1950களின் கடைசியில் மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் வந்தன. பத்தே ஆண்டுகளில், ஒன்றுமில்லாதிருந்த மருந்துப் பெட்டி நிரம்பிவிட்டது.

மாத்திரையால் வீட்டில் இருக்க முடியும் என்றால் நூறு மைல் தள்ளி ஏன் அனுப்ப வேண்டும்? இந்தக் கேள்விக்கு மலாயாவில் முதல் பதில் பினாங்கிலிருந்து வந்தது. 1958இல் பினாங்கு பொது மருத்துவமனையில் மனநலப் பிரிவு தொடங்கப்பட்டது. சாதாரண மருத்துவமனை ஒன்றுக்குள் இப்படியொரு பிரிவு இந்நாட்டில் அதுவே முதல். பிரசவ வார்டும் எலும்பு முறிவு வார்டும் இருக்கும் அதே வளாகத்தில் மனநல வார்டு. பார்க்க வரும் உறவினர், ‘பெரியாஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன்’ என்று சொன்னால் போதும். எந்த வார்டு என்று யாரும் கேட்பதில்லை. தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரைச் சொல்லாமலே சிகிச்சை பெற வழி பிறந்தது. மருந்துக்கு அடுத்தபடி மனநோயாளிக்கு அதிக நன்மை செய்தது இந்த இடமாற்றம்தான் என்பது என் எண்ணம்.

மாத்திரை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. பழைய மருந்துகளால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வந்தன, புதியவற்றில் சிலவற்றால் உடல் பருமனும் சர்க்கரையும் வருகின்றன. மனச்சோர்வு மாத்திரை போட்ட மறுநாளே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். ‘அடிமையாகிவிடுவாய்’ என்ற பயம் நம் வீடுகளில் பெரிது. தூக்க மாத்திரைகள் சிலவற்றுக்கு அந்தப் பயம் நியாயம். மனச்சோர்வு மாத்திரைகள் அந்த இனமல்ல. ஆனாலும் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம் என்பதால் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

‘சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுவதில்லையா, அதுபோலத்தான் இதுவும்’ என்று மருத்துவர்கள் ஆறுதல் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வது, பாதிதான் சரி. சர்க்கரையை ரத்தத்தில் அளக்கலாம். மனச்சோர்வைக் காட்ட எந்த ரத்தப் பரிசோதனையும் இன்றுவரை இல்லை. மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்ற விளக்கத்தையும் இப்போது ஆய்வாளர்கள் மிக எளிமையானது என்று ஒதுக்குகிறார்கள். பிறவிக்கூறு, மூளை, சிறுவயது அனுபவம், குடும்பம், கடன், வேலை எல்லாம் கலந்தே நோய் வருகிறது என்பதுதான் இன்றைய நிலை. சிகிச்சையும் அதனால்தான் மாத்திரை, பேச்சுவழிச் சிகிச்சை, குடும்பத்தின் துணை என்று மூன்று காலில் நிற்கிறது.

சட்டம் தாமதமாக வந்தது

மருந்து மாறிய வேகத்தில் சட்டம் மாறவில்லை. தீபகற்ப மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் மனநோய்ச் சட்டமே நெடுங்காலம் நடப்பில் இருந்தது. 2001இல் மனநலச் சட்டம் நிறைவேறியது. அது அமலுக்கு வர 2010 ஆனது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் வைக்க என்ன நடைமுறை, யார் விண்ணப்பிக்கலாம், ஊருக்குள்ளேயே சிகிச்சை தரும் மையங்களுக்கு என்ன விதி என்பதெல்லாம் அதில் உண்டு.

அந்த 2001ஐத் தமிழர்கள் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடத்தப்பட்ட ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். புஸ்ஸேன் பாரிஸில் சங்கிலியை அவிழ்த்து அப்போது 200 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. தர்காவுக்குக் கூட்டிச் சென்ற குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் வேறு வழி இருந்திருந்தால் பலர் அதையும் தேடியிருப்பார்கள். இங்கே சூலியா தெரு நாகூர் தர்காவில் மயிலிறகால் ஓதிவிட்டுக்கொண்டு வரும் இந்துக் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்த நிம்மதியை யாரும் பறிக்க வேண்டியதில்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவரை.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனம் சார்ந்த குறைபாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நீண்டகால மனநோயால் வேலை செய்ய இயலாதவர்கள் சமூகநலத் துறையில் பதிந்து ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை பெறலாம். நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் பதியத் தயங்குகிறார்கள்.

மிகப் பெரிய மாற்றம் அண்மையில்தான் வந்தது. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டுவரை சிறை விதிக்க இடம் கொடுத்தது. 1860இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் வழியில் வந்த பிரிவு இது. உயிர் பிழைத்து வார்டில் கண் விழிப்பவர் முதலில் பார்ப்பது போலீஸ்காரராக இருந்தால், அடுத்த முறை உதவி கேட்பாரா? குடும்பங்களும் ‘தவறுதலாகக் குடித்துவிட்டான்’ என்று எழுதவைக்கும். உண்மையான காரணம் மருத்துவருக்கே தெரியாமல் போகும். 2023 மே மாதம் நாடாளுமன்ற மக்களவை இந்தப் பிரிவை நீக்க ஒப்புதல் தந்தது. செப்டம்பர் 11 முதல் அது நடப்புக்கு வந்தது. இப்போது அது குற்றமல்ல. கூடவே திருத்தப்பட்ட மனநலச் சட்டம், ஆபத்தில் இருப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை போலீசோடு தீயணைப்பு, சமூகநலம் போன்ற துறை அதிகாரிகளுக்கும் தருகிறது.

வீட்டுக்குள் மாறாதது

தேசியச் சுகாதார ஆய்வுகளின்படி மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6 விழுக்காடு. நோய் கூடியதா, சொல்லும் துணிவு கூடியதா என்று கேட்டால் இரண்டுமே இருக்கலாம். கோவிட் காலம் நடுவில் வந்துபோனதை மறந்துவிட முடியாது.

நம் சமூகத்தில் இன்னும் இளகாத இடம் கல்யாணப் பேச்சு. கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று கேலியாகச் சொல்வார்கள். ஆனால் பையனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்பதைக் கேலியாக யாரும் சொல்வதில்லை, மெய்யாகவே செய்கிறார்கள். நோயை மறைத்து முடிக்கும் சம்பந்தத்தில் முதலில் நிற்பது மாத்திரை. புது மருமகள் பார்த்துவிடக் கூடாதே! சில வாரங்களில் நோய் திரும்பும். பழி பெண் வந்த நேரத்தின் மேல் விழும். பெண்ணுக்கு நோய் என்றால் கதை இன்னும் மோசம். அவள் நோய் மட்டுமல்ல, தங்கையின் ஜாதகமும் சேர்ந்து கெடும் என்று பயப்படுகிறார்கள். மருத்துவமும் சட்டமும் செய்த வேலையை ஒரு பெண் பார்க்கும் படலம் ஒரே நாளில் கலைத்துப்போட்டுவிடும்.

நம்மவர்கள் நோயைச் சொல்லும் விதமும் தனி. மனம் சரியில்லை என்று சொல்லி யாரும் கிளினிக்குக்குப் போவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, உச்சந்தலை எரிகிறது, கைகால் ஓய்ந்துபோகிறது என்பார்கள். நெஞ்சுக்கு ஈசிஜி எடுப்பார்கள், வயிற்றுக்கு மாத்திரை தருவார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்புவார்கள். நோயாளி பொய் சொல்லவில்லை. மனச்சோர்வு பலருக்கு உடம்பில் அப்படித்தான் தெரியும்.

பினாங்கின் பிறை என்ற ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு இப்படித்தான் நடந்தது. மாதக்கணக்கில் நெஞ்சு வலிக்கு அலைந்த பிறகு, ஒரு கிளினிக்கில் இளம் மருத்துவர் ஒருவர் ஒன்பது கேள்விகள் கொண்ட தாளை எடுத்தார். மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் தாள் அது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலாவது ஆர்வம் குறைந்ததா, மனம் சோர்ந்ததா, தூக்கம், களைப்பு, பசி, தன்னைப் பற்றிய தாழ்வெண்ணம், கவனம், அசைவில் மந்தமோ பரபரப்போ என்று எட்டு. ஒன்பதாவது, செத்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். தாள் மலாயில் இருந்ததால் அக்காவின் மகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ‘சாப்பாடு இறங்குகிறதா அம்மா?’ என்றால், ‘உங்களுக்கெல்லாம் சமைத்துத்தானே வைக்கிறேன்’ என்று பதில். ‘தூக்கம்?’ ‘அப்பா இரவு வேலை முடிந்து வரும்வரை விழித்திருக்க வேண்டாமா?’ தன்னைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. ஒன்பதாம் கேள்விக்கு வந்ததும் மகள் நின்றுவிட்டாள். பெற்ற தாயிடம் அதை எப்படிக் கேட்பது? தாதி புரிந்துகொண்டு மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்து அறையிலிருந்து தமிழ் தெரிந்த ஓர் ஊழியரை அழைத்துவந்தார். அக்கா அவரிடம் பேசினார். நெஞ்சு வலிக்குக் காரணம் அந்த ஒன்பதாம் கேள்வியில் இருந்தது.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

எங்கே போவது

முதல் படி சுகாதாரக் கிளினிக். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். அடையாள அட்டையான மைகார்டை எடுத்துச் செல்லுங்கள். தேவை என்றால் அங்கிருந்தே கடிதம் கொடுத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். நிபுணரிடம் மறுபரிசோதனைக்கு ஐந்து ரிங்கிட். மனநோயிலிருந்து தேறிவருபவர்கள் மீண்டும் வேலைக்குப் போக உதவும் ‘மெந்தாரி’ என்ற சமூக மனநல மையங்களையும் சுகாதார அமைச்சு நடத்துகிறது. தனியார் மருத்துவமனையில் காத்திருப்பு குறைவு, செலவு அதிகம், அவ்வளவுதான்.

யாருக்காவது உயிரை விட்டுவிடத் தோன்றுகிறது என்றால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். பேச ஒருவர் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் இணைப்பு 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1970இலிருந்து இயங்குகிறது. அதன் எண் 03-7627 2929, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். ‘தற்கொலை எண்ணம் வருகிறதா?’ என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். கேட்பதால் அது வருவதில்லை. கேட்டவரிடம்தான் பலர் முதல்முறையாக வாய் திறக்கிறார்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இப்போது உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து, லேகியம், வைத்தியர் கொடுத்த பொடி, போமோ கொடுத்த வேர் எதையும் விட்டுவிடாதீர்கள். சில பொருள்கள் மனநோய் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றவோ இறக்கவோ செய்யும், தூக்கத்தை ஆழ்த்தும். மருத்துவர் திட்டுவார் என்று ஒளித்து வைப்பவர்களுக்கே இதில் ஆபத்து அதிகம். திட்டினால் திட்டட்டும், பையை மேசைமேல் வையுங்கள்.